பழைய கேம்பர் வான் ஒரு தாங்கி எரிபொருளுக்கு எவ்வளவு தூரம் ஓடும்? அளந்து அறிவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டுக்கணக்காகப் பாடசாலைப் பிள்ளைகளையும் கதிர்காம யாத்திரிகர்களையும் ஏற்றிய பழைய வான்கள் சில, இப்போது பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பூட்டிக்கொண்டு கேம்பர் வான்களாக மாறுகின்றன. நம்மூரில் "டொல்பின்" என்று அழைக்கப்படும் ஹயேஸ், டவுன்ஏஸ், நிசான் கரவன், டெலிக்கா என்று எதுவாக இருந்தாலும் அடிச்சட்டம் நன்றாக இருந்தால் இதற்குப் பொருந்தும். வாங்குபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு டாங்க் அடித்தால் எவ்வளவு தூரம் ஓடும்?" விற்பவர் ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் பெரும்பாலும் கையேட்டில் உள்ள கொள்ளளவை, வான் புதிதாக இருந்தபோது லீற்றருக்கு ஓடிய கிலோமீற்றரால் பெருக்கி வந்தது. இருபது, முப்பது வயதான வானுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வடக்கில் வாழ்பவர்களுக்கு எரிபொருள் எப்போதுமே எளிதாகக் கிடைத்த பொருள் அல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்களையும் ஒஸ்டின்களையும் கண்டவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். 2022 யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஒரு வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றுதான் பங்கு தொடங்கியது. ஆகவே தாங்கியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று தெரிந்து வைத்திருப்பதை அவசியமான அறிவாகவே நான் கருதுகிறேன்.

நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியவை மூன்று. உங்கள் தாங்கியிலிருந்து உண்மையில் எஞ்சினுக்குப் போகக்கூடிய லீற்றர் எவ்வளவு. மிக மோசமான நிலையில் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர். எந்த நிலையிலும் தொடாமல் வைக்கப்போகும் கையிருப்பு எவ்வளவு. பெரும்பாலானோர் முதலாவதை மட்டும், அதுவும் பிழையாகப் பார்க்கிறார்கள். இரண்டாவதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

நிரப்புவதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள்

அளவெடுக்கத் தொடங்கும் முன் தாங்கி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வான்கள் பல ஆண்டுகள் ஒருமுறையேனும் முழுமையாக நிரப்பப்படாமல் ஓடியிருக்கும். நம்மிடம் ரூபாய்க் கணக்கில் எண்ணெய் அடிப்பதே வழக்கம். ஆகவே தாங்கியின் மேற்பகுதியில் உள்ள துருவும், வெடித்த இறப்பர்க் குழாயும் யாருடைய கண்ணிலும் படாமலே இருந்துவிடும். முதன்முறையாக விளிம்பு வரை நிரப்பும்போதுதான் எண்ணெய் வெளியே வரும்.

பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வானின் கீழே போய்ப் பாருங்கள். பலகை ஒன்றைப் போட்டுப் படுத்தாலே போதும். ஜாக்கில் தூக்கினால் ஸ்டாண்ட் வைக்காமல் ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். முதலில் தாங்கியைத் தாங்கி நிற்கும் இரும்புப் பட்டிகளைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுதான். பண்ணைத் தாம்போதியிலும் காரைநகர் வீதியிலும் கடற்காற்றைக் குடித்த வான்களில் பட்டிக்கும் தாங்கிக்கும் இடையே உப்பும் மண்ணும் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பட்டியை ஸ்குரூட்ரைவரின் பிடியால் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான ஒலி வந்து துருச் செதில்கள் உதிர்ந்தால், அளவெடுப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைத் திருத்துங்கள்.

அடுத்து குழாய்கள். நிரப்பும் வாயிலிருந்து தாங்கிக்குப் போகும் தடித்த இறப்பர்க் குழாய், அதன் பக்கத்தில் ஓடும் மெல்லிய காற்றுக் குழாய், எஞ்சினுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் என நான்கையும் விரல்களால் வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் மாற்ற வேண்டும். பின்புறம் எஞ்சின் உள்ள பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர்களில் இது உயிர்ப் பிரச்சினை. வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சின் மீது பெற்றோல் சொட்டித் தீப்பிடித்த வான்கள் உலகெங்கும் ஏராளம். பெற்றோல் வான் வைத்திருப்பவர்கள் குழாய்களின் வயதைக் கேட்டு அறிய முடியாவிட்டால், கேள்வியே இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அந்தச் செலவு பெரிதல்ல.

காற்றுக் குழாய் அடைபட்டிருந்தால் வேறொரு விளைவு வரும். உள்ளே உள்ள காற்று வெளியேற வழியின்றி, பம்பின் வாய் பாதியிலேயே "டக்" என்று நின்றுவிடும். தாங்கி சிறியதோ என்று நீங்கள் எண்ணிவிடுவீர்கள். நீண்ட தூரம் ஓடிய பின் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் சத்தம் பலமாகக் கேட்டாலும் இதே சந்தேகம் வர வேண்டும்.

கொள்ளளவு: ஒரே பெயர், வெவ்வேறு தாங்கி

கையேட்டில் உள்ள எண்ணை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிவாக எடுக்க வேண்டாம். ஒரே பெயரில் வந்த வான்களுக்குள்ளேயே தாங்கி வேறுபடும். இதற்கு நல்ல உதாரணம் ஃபோக்ஸ்வாகன்தான். முதல் தலைமுறை வானின் தாங்கி 40 லீற்றர். 1960களின் தொடக்கம் வரை அதில் எரிபொருள் மானியே இல்லை. எஞ்சின் தடுமாறத் தொடங்கியதும் ஒரு திருகியைத் திருப்பினால் அடியில் உள்ள கடைசிச் சில லீற்றர்கள் திறக்கும். 1979இல் வந்த மூன்றாம் தலைமுறையில் தாங்கி முன்பக்கத்துக்கு, ஓட்டுநர் ஆசனங்களின் கீழே வந்து 60 லீற்றர் ஆனது. அதே வானின் நான்கு சக்கர இழுவை வகையில் தாங்கி 70 லீற்றர், அதுவும் பின்பக்கத்தில். பெயரை மட்டும் சொல்லிக் கொள்ளளவைக் கேட்டால் பிழையான விடை வருவது இதனால்தான். ஜப்பானிய வான்களிலும் எஞ்சின், நீளம், இழுவை முறை ஆகியவற்றைப் பொறுத்துத் தாங்கி மாறும். போதாததற்கு, துருப்பிடித்த தாங்கிக்குப் பதிலாக வேறொரு வானின் தாங்கியைப் பூட்டுவதும், தகடு வெட்டி ஒட்டுவதும் நம்முடைய கராஜ்களில் சாதாரணம்.

ஆகவே அளவு நாடாவை எடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 18 உயரம் என்றால் 72.9 லீற்றர். ஆனால் மூலைகள் வளைந்திருக்கும்; உள்ளே அலை தடுக்கும் தகடுகள் இருக்கும்; எண்ணெய் சூட்டில் விரிவதற்கு மேலே இடம் விடப்பட்டிருக்கும். பத்தில் ஒரு பங்கைக் கழித்து ஏறத்தாழ 65 என்று எழுதிக்கொள்ளுங்கள். கையேட்டின் எண்ணும் இதுவும் அருகருகே வந்தால் அது வானோடு வந்த தாங்கிதான். பெரிய வேறுபாடு இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

இனி உண்மையான அளவு. சிலர் எண்ணெய் தீர்ந்து வான் நிற்கும் வரை ஓட்டி, பிறகு நிரப்பிப் பார்க்கச் சொல்வார்கள். டீசல் வானில் அதைச் செய்யவே வேண்டாம். பழைய டீசல் எஞ்சின்களின் சுழல்வகை ஊசிப் பம்புக்கு டீசலே உராய்வுநீக்கி. அது காற்றை இழுத்தால் உள்ளே தேய்மானம் ஏற்படும். தவிர, அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த சேறும் தண்ணீரும் ஒரேயடியாக வடிகட்டிக்குப் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவது கூடாது என்பதற்கும் காரணம் இந்த உராய்வுதான். அதில் டீசலின் வழுவழுப்பு இல்லை.

சரியான வழி வடித்து எடுப்பது. மானி சிவப்புக் கோட்டுக்கு அருகே வந்ததும் சமதரையில் நிறுத்துங்கள். பல பழைய தாங்கிகளின் அடியில் ஒரு வடி ஆணி இருக்கும். லீற்றர் கோடு போட்ட கலனைக் கீழே வைத்து ஆணியைக் கழற்றி, மிஞ்சியிருப்பதை எல்லாம் எடுத்து அளந்துகொள்ளுங்கள். முதலில் வருவது கபில நிறத்தில், தண்ணீர்த் துளிகள் உருளும் கலங்கலாக இருக்கும். அதைத் தனியாக எடுத்துவிட வேண்டும். தாங்கிக்குள் திரும்ப ஊற்றக் கூடாது. இந்த வேலையே வானுக்கு ஒரு நல்ல வைத்தியம்.

டீசல் வானில் இதை வீட்டு முற்றத்தில் கவனமாகச் செய்யலாம். பெற்றோல் வானில் நீங்களாகச் செய்ய வேண்டாம். டீசல் 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் அதைத் தரும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு படர்ந்து, அடுத்த அறையில் எரியும் சாமி விளக்கைத் தேடிப்போகும். அனுபவமுள்ள கராஜில் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் தாங்கியின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்காது. சேறு ஏறாதபடி சற்று உயரத்தில் நிற்கும். ஆகவே அடியில் எப்போதும் சில லீற்றர்கள் எஞ்சினுக்குப் போகாமல் மிஞ்சும். 60 லீற்றர்த் தாங்கியில் 55 லீற்றர் மட்டுமே பயன்படும் என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது. மலையேற்றத்தில் எண்ணெய் ஒரு பக்கம் சாயும்போது இந்த மிச்சம் இன்னும் கூடும்.

மானிக்கு ஒரு அட்டை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது ஒரு மின்தடை மாறும். முள் அதற்கேற்ப நகரும். தாங்கி நேரான பெட்டியாக இல்லாததால் மிதவை பாதி உயரத்தில் நின்றாலும் எண்ணெய் பாதி அளவில் இருக்காது. பல வான்களில் முதல் பாதி மெதுவாகவும் இரண்டாம் பாதி விரைவாகவும் இறங்குவதற்கு இதுவே காரணம். "பாதி இருக்கிறது, ஆனையிறவு தாண்டி அடிக்கலாம்" என்ற நம்பிக்கை இங்கேதான் கவிழ்கிறது.

தாங்கியை வடித்தெடுத்த அதே நாளில், வான் சமதரையில் நிற்கும்போதே, 5 லீற்றராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறை ஊற்றிய பின்பும் சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல், முள் நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பழைய மானிகளின் முள் சூட்டில் வளையும் உலோகப் பட்டியால் நகர்கிறது. ஆகவே அது முழுமையாக நிலைக்க ஓரிரு நிமிடம் கொடுக்க வேண்டும். 5, 10, 15 என்று நிரம்பும் வரை. கலன்களைத் தூக்கி ஊற்ற முதுகு வலிக்கும்தான். ஆனால் ஒரு முறை செய்தால் அந்தத் தாங்கி இருக்கும் வரை போதும்.

பிறகு ஒரு சிறிய அட்டையில் மானியின் படத்தை வரைந்து, ஒவ்வொரு லீற்றர் அளவுக்கும் கோடு போட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, வெயில் மறைப்புத் தட்டின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு இருந்தால் அது எந்த அளவில் அணைந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் வானை ஓட்டும்போது இந்த அட்டை பெரும் உதவி.

முள் எப்போதும் குறைவாகவே காட்டினால், பெரும்பாலான ஜப்பானிய வான்களில் மிதவையைக் குறை சொல்லும் முன் தாங்கியின் புவித்தொடுப்பு (எர்த்) வயரைப் பாருங்கள். உப்புப் பிடித்து அந்த இணைப்புக் கெட்டால் மின்தடை கூடி, நிரம்பிய தாங்கியும் வெறுமையாகத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே சரியாகிவிடுவது உண்டு.

கிலோமீற்றரும் பிழையாக இருக்கலாம்

தூரமானி சொல்வதை அப்படியே எடுத்தால் எல்லாக் கணக்கும் பிழையாகிவிடும். வானுக்கு வேறு அளவில் ரயர் போட்டிருந்தால் சக்கரத்தின் சுற்றளவு மாறும். பெரிய ரயர் என்றால் தூரமானி உண்மைத் தூரத்தை விடக் குறைவாகக் காட்டும். தேய்ந்த அல்லது சிறிய ரயர் கூடுதலாகக் காட்டும்.

ஏ-9 வீதியின் கிலோமீற்றர்க் கற்கள் இதற்கு நல்ல துணை. அவை கண்டியிலிருந்து எண்ணப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் முடியும்போது வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். பரந்தனைத் தாண்டி நேரான பகுதியில் ஒரு கல்லின் அருகே தூரமானியைக் குறித்துக்கொண்டு 20 கற்களைக் கடந்து மீண்டும் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் குறிக்கச் சொல்லுங்கள்; ஓட்டுபவர் வீதியைப் பார்க்கட்டும். 20 கிலோமீற்றருக்கு உங்கள் தூரமானி 21 என்று காட்டினால், அது சொல்லும் ஒவ்வொரு தூரத்தையும் 0.95ஆல் பெருக்க வேண்டும். கைப்பேசியின் வரைபடத்தைக் கொண்டும் சரிபார்க்கலாம். இரண்டும் ஒத்துவந்தால் நிம்மதி.

லீற்றருக்கு எத்தனை

முறை எல்லோருக்கும் தெரிந்தது: நிரப்பு, ஓட்டு, மீண்டும் நிரப்பு, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஏறிய லீற்றரால் வகு. பிழை நுழைவது நிரப்பும் இடத்தில். இரண்டு முறையும் ஒரே பெற்றோல் செட், முடிந்தால் ஒரே பம்ப், வான் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். தளம் சற்றுச் சரிந்திருந்தாலே அகலமான தாங்கியில் ஓரிரு லீற்றர் வேறுபடும். "தம்பி, ரூபாய்க் கணக்கு வேண்டாம். முதல் முறை நின்றதும் எடுத்துவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தொகையை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம் அழுத்துவார்கள். டீசல் நுரைக்கும் என்பதால் பம்பை மெதுவாகப் பிடிக்கச் சொல்வதும் நல்லது. பில்லில் ரூபாயைப் பார்க்காமல் லீற்றரைப் பாருங்கள்.

விளிம்பு வரை நிரப்புவதை நான் எப்போதும் தடுப்பேன். நிலத்தடித் தாங்கியிலிருந்து வரும் எரிபொருள் குளிர்ச்சியானது. பங்குனி, சித்திரை வெயிலில் வான் நிற்கும்போது அது விரியும். பெற்றோல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. 60 லீற்றர் 10 பாகை சூடேறினால் அரை லீற்றருக்கு மேல் கூடும். இடம் இல்லாவிட்டால் அது வழிந்து வானின் கீழே சொட்டும். அங்கே யாராவது அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு தடவை அளந்தால் போதாது. சில நிரப்பல்களையாவது ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த நாளின் காற்று, சுமை, குளிர்சாதனம் போட்டதா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய டீசல் ஹயேஸ் லீற்றருக்கு 8 முதல் 11 கிலோமீற்றர் வரை தரக்கூடும். பழைய பெற்றோல் ஃபோக்ஸ்வாகன்கள் பெரும்பாலும் 7க்கும் 9க்கும் இடையில் நிற்கும். உங்கள் எண் இவற்றிலிருந்து மிகவும் தாழ்ந்திருந்தால், பயணத்தைத் திட்டமிடுவதற்கு முன் வடிகட்டி, காற்று வடிகட்டி, இறுகிப்போன பிரேக், ரயர்க் காற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மிக மோசமான நாளைத் தேடுங்கள்

குடாநாட்டில் அளந்த எண் உங்களை ஏமாற்றும். காரணம், இங்கே மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வரை ஓட்டி அளந்த எண்ணை வைத்துக்கொண்டு, கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்குக் கணக்குப் போட முடியாது.

மேடு இல்லாத குறையை இங்கே காற்று தீர்த்துவைக்கிறது. வான் என்பது நெஞ்சை நிமிர்த்திய ஒரு பெட்டி. அதிலும் கூரையில் சாமான் தட்டும் சுருட்டிய கூடாரமும் இருந்தால் இன்னும் மோசம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60இல் போவதற்குப் பதிலாக 80இல் போனால் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. நீங்கள் 60இலேயே போனாலும், முன்னாலிருந்து 25 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால், வானைப் பொறுத்தவரை அது 85. எதிர்ப்பு இரண்டு மடங்காகிவிடும்.

இதை நேரில் உணர விரும்பினால் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில், சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பூநகரிக்குப் போய் அங்கிருந்து ஏ-32 வீதியில் மன்னாரை நோக்கி ஓட்டிப் பாருங்கள். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகு மன்னாருக்குப் போக அது நல்ல குறுக்குவழி. ஆனால் வீதி தென்மேற்குப் பக்கமாகச் சாய்ந்து ஓடுவதால் சோழகம் ஏறத்தாழ முகத்துக்கு நேரே வரும். இருபுறமும் வெட்டவெளி, மறைக்க ஒரு பனங்கூடலும் இல்லாத இடங்கள் உண்டு. அக்ஸிலேட்டரை அதே அளவில் அழுத்திப் பிடித்திருப்பீர்கள். வேகமானி முள்ளோ கீழே இறங்கிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். போய்வந்து சராசரி எடுத்தால் கணக்கு அழகாகத் தெரியும். அந்தச் சராசரியை நம்பாதீர்கள். மன்னாரில் நிரப்பி, போனதை மட்டும் தனியாகக் கணக்கிடுங்கள். கிடைக்கும் எண்தான் சமதரையில் உங்கள் மோசமான எண்.

சுமையையும் எழுதிக்கொள்ளுங்கள். 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. 55 லீற்றர் டீசல் ஏறத்தாழ 46 கிலோ. அடுப்பு, எரிவாயு, மெத்தை, ஐந்து பேர், அம்மா கட்டித் தந்த மாப்பெட்டியும் பொரிவிளாங்காய் டின்னும். வெறும் வானில் அளந்த எண் இவற்றையெல்லாம் அறியாது. நல்ல தண்ணீர் வழியில் கிடைக்கும் பகுதிகளில் தண்ணீர்த் தாங்கியைப் பாதியாக வைத்துப் போவது புத்திசாலித்தனம்.

இப்போது கணக்கு

உங்கள் அளவுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம். பயன்படக்கூடியது 55 லீற்றர். சமதரையில், காற்றில்லாத நாளில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர். சுமையோடும் எதிர்க்காற்றோடும் 8. மலையில் 7.

வெறுமனே பெருக்கினால் 550, 440, 385 கிலோமீற்றர். முதல் எண்ணைக் கண்டு மகிழ்ந்துதான் பலர் புறப்படுகிறார்கள். அதை மறந்துவிடுங்கள். 55இலிருந்து 10 லீற்றரைக் கையிருப்பாகக் கழியுங்கள். மீதி 45. அதை 8ஆல் பெருக்கினால் 360. மலைக்கு 7ஆல் பெருக்கினால் 315. இவைதான் நீங்கள் திட்டமிடக்கூடிய தூரங்கள்.

கையிருப்பை நூற்றுவீதமாக வைப்பதை விட லீற்றராக வைப்பதையே நான் விரும்புகிறேன். அது எதற்காக என்று தெளிவாகத் தெரிய வேண்டும்: நீங்கள் போய்ச் சேரும் பெற்றோல் செட் மூடியிருந்தால் அடுத்ததற்குப் போக, அதுவும் இல்லாவிட்டால் திரும்பி வர. 10 லீற்றர் மோசமான நிலையிலும் 70 கிலோமீற்றர் கொண்டுபோகும். ஏ-9 வீதியில் கிளிநொச்சி, வவுனியா போன்ற நகரங்கள் இடையிடையே வருவதால் அது தாராளம். பூநகரிக்குத் தெற்கே, அல்லது மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில், இரவு நேரத்தில், அதைக் குறைக்க வேண்டாம். இலங்கையில் மாதத்தின் கடைசி நாளில் எரிபொருள் விலை திருத்தப்படுவது வழக்கமாகிவிட்டதால் அன்றிரவு வரிசைகள் நீளும். மாத இறுதியில் பயணம் என்றால் முதல் நாளே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை வீதியில் வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். போய்வர 280. எங்கும் நிரப்பாமல் திரும்பிவிடலாம். கண்டி 321. திட்டத் தூரம் 360 என்பதால் சேரலாம். ஆனால் மாத்தளைக்குப் பிறகு ஏற்றம் தொடங்குகிறது, அங்கே 8 என்பது 7 ஆகும். தம்புள்ளையில் தேநீர் குடிக்க நிற்கும்போது நிரப்புவதே சரி. கொழும்பு ஏறத்தாழ 400. கையேட்டுக் கணக்குப்படி ஒரே தாங்கியில் போகலாம். உங்கள் கணக்குப்படி முடியாது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லோரும் நிற்பது போல, வவுனியாவில் நிரப்ப நிற்பதையும் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

மேலதிக எரிபொருள்

தூரம் போதவில்லை என்றதும் இரண்டாவது தாங்கி ஒன்றைப் பூட்டும் எண்ணம் வரும். அடியில் இடம், பட்டி, காற்றுக் குழாய், மாற்றும் வால்வு என்று அது பெரிய வேலை. ஒட்டு ஒன்று பழுதானாலும் ஆபத்து. நம் தீவின் தூரங்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

டீசல் வானுக்கு 10 லீற்றர் உலோகக் கலன் ஒன்று போதும். அதை வெளியே, பின் ஏணியிலோ பம்பரின் மேலோ இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே, நீங்கள் படுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. கேம்பர் வானில் லிற்றோ நிறுவனத்தின் 2.3 அல்லது 5 கிலோ எரிவாயு சிலிண்டரும் அடுப்பும் இருக்கின்றன. எரிவாயுவும் பெற்றோல் ஆவியும் காற்றை விடக் கனமானவை. இரண்டும் தரையில்தான் தேங்கும். பெற்றோலைக் கலனில் கொண்டுபோவதை முற்றாகத் தவிருங்கள். கலனை நிரப்பும்போது வானுக்குள் வைத்து நிரப்பாமல் நிலத்தில் இறக்கி வைத்து நிரப்புங்கள். நிலைமின் பொறியைத் தவிர்க்க அது முக்கியமான வழி. பெற்றோல் செட்டுக்குள் நுழையும் முன் சிலிண்டரின் வால்வை மூடி, எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டி இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். பழைய கேம்பர்களில் அந்தக் குளிர்பெட்டியின் சிறு சுடர் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து கேம்பர் கொண்டுவருபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் டீசல் தீர்ந்து நின்றால்

பாதுகாப்பான இடத்தில், கூடியவரை சமதரையில் நிறுத்துங்கள். குறைந்தது 5 லீற்றராவது ஊற்றுங்கள். ஒரு போத்தல் ஊற்றினால் உறிஞ்சும் குழாயின் வாயை அது எட்டாது. உடனே ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். குழாய்களில் நிறைந்திருப்பது காற்று. பற்றரியை வீணாக்குவது மட்டுமே மிஞ்சும்.

டொயோட்டா டீசல் வான்களில் வடிகட்டியின் தலையில் கையால் அழுத்தும் ஒரு சிறு பம்ப் இருக்கும். உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் அது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். காற்று நகரும் மெல்லிய சத்தம் கேட்கும். டீசல் ஏற ஏறக் கையில் பாரம் தெரியும். கடைசியில் அழுத்த முடியாத அளவுக்கு இறுகியதும் நிறுத்தலாம். வடிகட்டியின் அடியில் உள்ள தண்ணீர்த் திருகியையும் அப்போதே சற்றுத் திறந்து, தூய டீசல் வரும் வரை விட்டு மூடுங்கள். அடியிலிருந்த சேறு நிச்சயம் இங்கே வந்திருக்கும். பிறகு மீண்டும் பம்பை இறுகும் வரை அழுத்துங்கள்.

இனி எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்குவதைக் காட்டும் ஹீற்றர் விளக்கு அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். சில முயற்சிகளுக்குப் பிறகும் கிளம்பாவிட்டால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் உள்ள குழாய் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஒருவர் சுற்றும்போது டீசல் குமிழின்றி வரும் வரை பார்த்து, மீண்டும் இறுக்க வேண்டும். அந்த நட்டுகளில் டீசல் மிகுந்த அழுத்தத்தோடு வரும். விரலை அருகே கொண்டுபோகக் கூடாது, தோலைத் துளைத்துவிடும். பழக்கமில்லாதவர்கள் இந்தக் கடைசி வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எஞ்சின் கிளம்பியதும் தடுமாற்றம் தீரும் வரை நிறுத்தாமல் ஓடவிட்டு, நேரே அடுத்த பெற்றோல் செட்டுக்குப் போய் நிரப்புங்கள். ஊருக்குத் திரும்பியதும் வடிகட்டியை மாற்றுங்கள். வான் நின்றபோது முள் எந்த இடத்தில் இருந்தது என்பதை மறக்கும் முன், வெயில் மறைப்புத் தட்டின் பின்னால் உள்ள அட்டையில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள்.